புற்றுநோய்ப் பரிசோதனை: கட்டாயம் செய்ய வேண்டியவை, காசு கொடுத்துச் செய்யக்கூடாதவை

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதைத்தான் மருத்துவர்கள் ஸ்கிரீனிங் என்கிறார்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது இதில் சேராது. அங்கே நோயாளியே நோயின் அடையாளத்தோடு வருகிறார். ஸ்கிரீனிங்கில் நன்றாக இருப்பவரை நாம் கூப்பிடுகிறோம். அதனால்தான் அவருக்கு நன்மை உண்டு என்று நிரூபித்துவிட்டுக் கூப்பிட வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

'சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம்' என்ற வாக்கியம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முழுக்கப் பொருந்தும். மார்பகத்துக்குப் பாதி பொருந்தும். தைராய்டுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் தமிழ்நாட்டில் நடப்பதைப் பார்த்தால் மனம் கனக்கிறது. நம் மண்ணிலேயே நிரூபிக்கப்பட்ட, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிற கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடச் செய்துகொண்டதில்லை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுவதற்குமான கணக்கில் அது நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை. அதே குடும்பங்கள்தான் மாஸ்டர் செக்கப்போடு சேர்த்து விற்கப்படும் 'கேன்சர் பேக்கேஜு'க்கு ஆயிரக்கணக்கில் கட்டுகின்றன. காக்கிற பரிசோதனையை விட்டுவிட்டு, காயப்படுத்துகிற பரிசோதனையை விலை கொடுத்து வாங்குகிறோம்.

செய்ய வேண்டியவை

30 வயதைக் கடந்த பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றிப் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் கர்ப்பப்பை வாயில் உண்டாகும் மாற்றங்களைக் கண்ணால் பார்க்கலாம், சில நிமிடச் சிகிச்சையில் நீக்கியும் விடலாம். அதாவது இங்கே நாம் புற்றுநோயைச் சீக்கிரம் பிடிப்பது மட்டுமல்ல, அது வராமலே தடுக்கிறோம். ஸ்கிரீனிங்கில் இந்த அளவுக்கு வாய்ப்புத் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு.

இதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவினார்கள். ஒரு நிமிடம் பொறுத்து வெளுத்த இடம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். வி.ஐ.ஏ. என்று சொல்லப்படும் முறை அது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. 30 முதல் 59 வயதுள்ள 31,343 பெண்கள் ஒரே ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களைவிட அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், இதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு இது.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், எச்.பி.வி. பரிசோதனையை ஒருமுறை செய்ததற்கே மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அங்கே ஒருமுறை செய்த வி.ஐ.ஏ. அப்படிப் பலன் தரவில்லை. பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்து வி.ஐ.ஏ.வின் தரம் மாறும். எனவே எச்.பி.வி. பரிசோதனை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் வி.ஐ.ஏ.வை விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு. வெட்கம்தான் தடை என்றால், எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியை மறைவான இடத்தில் நீங்களே எடுத்துக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்கும் உரிய வயதில் பரிசோதனை தேவை.

பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். திண்டுக்கல்லில் சோதித்த 31,343 பேரில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, பாசிட்டிவ் வந்தது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் 1,874 பேருக்கு இருந்தன. மற்றவர்களிடம் அந்த மாற்றங்களும் இல்லை. எனவே பாசிட்டிவ் என்பதற்கு 'இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்' என்று மட்டுமே பொருள். ஆனால் அந்த 1,874 பேரில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம்தான். மீதிப் பேர் நடவு, அறுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டில் சம்மதம் என்று ஏதோ ஒன்றில் நின்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. பரிசோதனை மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. பரிசோதனை முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போதே, 'பாசிட்டிவ் வந்தால் எங்கே போக வேண்டும், யார் கூட வருவார்கள்?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. எச்.பி.வி. பாசிட்டிவ் என்பது எந்தப் பெண்ணின் நடத்தைக்கும் சான்றிதழ் அல்ல. உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்து, தானாகவே போய்விடும் தொற்று இது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. வீட்டில் கேள்வி கேட்பார்களே என்று பயந்து ஒரு பெண் சிகிச்சைக்குப் போகாமல் இறந்தால், அவளைக் கொன்றது வைரஸ் மட்டுமல்ல.

புகையிலை, பாக்கு, பீடி, மதுப் பழக்கம் உள்ளவர்கள் வாயைக் காட்டுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கத்தில் வைத்திருந்தவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியும், ஹான்ஸ் வைக்கும் தம்பியும், கடையில் பாக்குப் பொட்டலம் கிழிக்கும் அண்ணனும் இதில் அடக்கம். வழித்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாயை முன்பு போலத் திறக்க முடியாமை ஆகியவற்றைப் பல் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார். அப்படியே பழக்கத்தை விடுவதற்கும் உதவி கேளுங்கள்.

50 வயதைக் கடந்த பெண்கள் மார்பகப் பரிசோதனையைப் பற்றி யோசித்து முடிவெடுங்கள். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிப் பலன் தெரியவில்லை. மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் இயந்திரம் இல்லாத ஊரில் இருக்கும் பெண்ணுக்கு இது பெரிய செய்தி.

மேமோகிராமுக்கு நன்மை உண்டு, விலையும் உண்டு. பிரிட்டனில் 2012-இல் மார்மட் என்ற நிபுணரின் தலைமையிலான சுயேச்சைக் குழு கொடுத்த கணக்கு இது: 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 ஆண்டுகளுக்கு மேமோகிராமுக்கு அழைத்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும். கூடவே 129 பேருக்கு, அவர்கள் வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நடக்கும். 43 உயிர் சின்ன எண் அல்ல. 129 பெண்களின் வேதனையும் அப்படித்தான். இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு ஒரு பெண் 'எனக்கு வேண்டும்' என்றாலும் சரி, 'எனக்கு வேண்டாம்' என்றாலும் சரி, அது அவளுடைய நியாயமான முடிவு. ஓர் எண்ணை மட்டும் சொல்லி அழைப்பதுதான் தவறு.

குடும்பத்தில் புற்றுநோய் வரிசையாக வந்திருந்தால் தனியாக ஆலோசனை பெறுங்கள். அம்மா, அக்கா, சித்தி என்று இளம் வயதிலேயே மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்த குடும்பங்கள் உண்டு. அப்பா, பெரியப்பா என்று ஐம்பதுக்குள் குடல் புற்றுநோய் வந்த குடும்பங்களும் உண்டு. இங்கே சொல்லப்படும் வயது வரம்புகள் அவர்களுக்குப் பொருந்தாது. மரபணு ஆலோசனை கிடைக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று எழுதி எடுத்துப் போங்கள்.

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் வயதில் இதைச் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்திருக்கிறதா? பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும்? நான் செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

தொந்தரவு எதுவும் இல்லாமல் ரத்தத்தில் 'டியூமர் மார்க்கர்' பார்க்காதீர்கள். சி.ஏ.-125, சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்றவை ஏற்கனவே புற்றுநோய் உள்ளவர்களின் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பயன்படுபவை. நலமாக இருப்பவரிடம் அவை குழப்பத்தையே கொண்டுவரும். மாதவிடாய், ஃபைப்ராய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் என எதிலும் சி.ஏ.-125 கூடலாம். காசநோய் நிறைந்த நம் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது.

பிரிட்டனில் 2 லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வில், சி.ஏ.-125-ஐ ஆண்டுதோறும் பார்த்தும் சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. 2021-இல் வந்த முடிவு. அமெரிக்காவில் 2011-இல் வெளியான இதே போன்ற ஆய்வு இன்னும் கசப்பானது. பொய்யாகப் பாசிட்டிவ் வந்த 3,285 பெண்களில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் 163 பேர் கடுமையான பக்கவிளைவுகளுக்கு ஆளானார்கள். இல்லாத நோய்க்கு வயிற்றைத் திறந்து, இருந்த நலத்தையும் இழந்தவர்கள் அவர்கள். பேக்கேஜ் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருந்தால் 'இவை வேண்டாம், மற்றதை மட்டும் பாருங்கள்' என்று லேபில் தெளிவாகச் சொல்லுங்கள்.

தொண்டைக்குச் 'சும்மா ஒரு ஸ்கேன்' எடுக்காதீர்கள். தென்கொரியா இதை எடுத்துப் பார்த்து, ஒரு தலைமுறையே விலை கொடுத்தது. 1999-இல் அந்நாட்டு அரசு சில புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அதில் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிகள் 30 முதல் 50 டாலருக்குத் தொண்டை அல்ட்ராசவுண்டையும் சேர்த்துச் செய்து கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்த ஒரே ஆண்டில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. மரண விகிதம் மட்டும் அசையவே இல்லை.

நிஜமாகவே நோய் பெருகியிருந்தால் மரணம் கூடியிருக்க வேண்டும், சீக்கிரம் கண்டுபிடித்ததால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருந்தால் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை யாரையும் கொல்லாத சின்னஞ்சிறு கட்டிகள். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பலர் வாழ்நாள் முழுக்க மாத்திரையோடு இருக்கிறார்கள். நூற்றுக்குப் பதினோரு பேருக்குக் கால்சியத்தைச் சமன்செய்யும் சுரப்பிகள் பாதிக்கப்பட்டன. நூற்றுக்கு இரண்டு பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்களில் ஒரு குழு, இதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. ஒரே ஆண்டில் அறுவை சிகிச்சைகள் 35 சதவீதம் குறைந்தன. தங்கள் துறையின் வருமானத்துக்கு எதிராகப் பேசிய அந்த மருத்துவர்களை வணங்கத் தோன்றுகிறது. கழுத்தில் கட்டி தெரிந்தால், குரல் மாறினால் ஸ்கேன் எடுங்கள். எதுவும் இல்லாதபோது வேண்டாம்.

அப்பாவுக்கு அவரைக் கேட்காமல், புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள். அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிப் பிள்ளைகள் மாஸ்டர் செக்கப்புக்குப் பணம் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் பி.எஸ்.ஏ.வும் இருக்கும். புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றிலும் பி.எஸ்.ஏ. எண் கூடும். ஐரோப்பாவின் பெரிய ஆய்வை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, 456 ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்தால் ஒரு புராஸ்டேட் புற்றுநோய் மரணம் தவிர்க்கப்படுகிறது என்று தெரிந்தது. நன்மை உண்மைதான். ஆனால் சிகிச்சைக்குப் போனவர்களில் பலருக்குச் சிறுநீர் கட்டுப்படாமை, ஆண்மைக் குறைவு. 55 முதல் 69 வயதுக்காரர் மருத்துவரோடு பேசி அவரே முடிவெடுக்க வேண்டும், 70-க்கு மேல் வேண்டாம் என்று 2018-இல் அமெரிக்க நிபுணர் குழு சொன்னது. எண் கூடியிருந்தால் உடனே பயாப்சிக்கு ஓடாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், பயாப்சிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள்.

புகைக்காதவர்கள் நுரையீரல் சி.டி. எடுக்காதீர்கள். பல ஆண்டு கடுமையாகப் புகைத்தவர்களிடையே அமெரிக்காவில் நடந்த ஆய்வில், குறைந்த கதிர்வீச்சு சி.டி. நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. அந்த ஆய்விலேயே பாசிட்டிவ் வந்தவற்றில் 96 சதவீதம் பொய். பழைய காசநோய்த் தழும்புகள் சாதாரணமாக இருக்கும் நம் ஊரில் குழப்பம் இன்னும் கூடும்.

'95 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள்' என்ற விளம்பரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒருவர் 70 வயதில் புற்றுநோயால் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 67-இல் கண்டுபிடித்தால் மூன்று ஆண்டு வாழ்ந்தார் என்பார்கள். 60-இல் கண்டுபிடித்தால் பத்து ஆண்டு வாழ்ந்தார் என்பார்கள். அவர் இறந்த தேதி மாறவே இல்லை. நோயாளியாக இருந்த காலம் மட்டும் ஏழு ஆண்டு கூடியிருக்கிறது. கொல்லாத கட்டிகளையும் கணக்கில் சேர்த்தால் அந்தச் சதவீதம் இன்னும் ஏறும். ஜப்பான் 1985 முதல் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரில் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயைத் தேடியது. நிறையக் கண்டுபிடித்தது, குழந்தைகளுக்குச் சிகிச்சையும் கொடுத்தது. கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள், இப்படித் தேடுவதால் குழந்தை மரணம் குறையவில்லை என்று காட்டிய பிறகு அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 'இறப்பு விகிதம் குறைந்ததா?' என்ற ஒரு கேள்வியைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

'கேன்சராக மாறிவிடும்' என்ற பயத்தில் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். வெள்ளைப்படுதலுக்கும் வயிற்று வலிக்கும் முப்பது வயதுப் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துவிடும் கொடுமை ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்தது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் சூட்டாலோ குளிராலோ நீக்கிவிடலாம். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அறுவை சிகிச்சை என்று சொன்னால் பயாப்சி அறிக்கையைக் கையில் வாங்கி, இரண்டாவது மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயது முதிர்ந்தவர்களைப் பரிசோதனைக்கு இழுத்துச் செல்லாதீர்கள். ஸ்கிரீனிங்கின் நன்மை பல ஆண்டு கழித்து வருவது. அதன் தொல்லையோ இந்த வாரமே வரும். எண்பது வயதில் இதய நோயோடும் சர்க்கரையோடும் இருக்கும் அம்மாவுக்கு, பத்து ஆண்டு கழித்துத் தொல்லை தரக்கூடிய ஒன்றைத் தேடுவதில் பொருளில்லை.

'நார்மல்' என்ற ரிப்போர்ட்டைக் காட்டி அறிகுறியை ஒதுக்காதீர்கள். எந்தப் பரிசோதனையும் எல்லாப் புற்றுநோயையும் பிடிப்பதில்லை. போன மாதம்தான் மேமோகிராம் நார்மல் என்று வந்திருந்தாலும், இந்த மாதம் கட்டி தட்டுப்பட்டால் போய்க் காட்டுங்கள். காம்பில் ரத்தம் கசிந்தாலும், தோல் உள்வாங்கினாலும் அப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், காரணம் தெரியாத எடைக் குறைவு, நீடிக்கும் குரல் கரகரப்பு ஆகிய எதற்கும் ஸ்கிரீனிங் முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது. வயது வரம்பும் பார்க்கக் கூடாது. 28 வயதுப் பெண்ணுக்கும் மார்பகக் கட்டி வரலாம். 'இந்த வயதில் ஒன்றும் இருக்காது' என்று யாராவது திருப்பி அனுப்பினால், அல்ட்ராசவுண்டும் தேவையானால் ஊசிப் பரிசோதனையும் செய்து தரும் இன்னொரு மருத்துவமனைக்கு அந்த வாரமே போங்கள்.